உரக்கடைக் கணக்குக்குப் பிரிண்டிங் கால்குலேட்டர்: டோட்டல் ஏன் குறைகிறது?

கேள்வி இதுதான்: மன்னார்குடிப் பக்கம் ஓர் உரக்கடை. புதிதாக 12 இலக்க, இரண்டு வண்ண பிரிண்டிங் கால்குலேட்டர் வாங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் பில்களைக் கூட்டினால் டோட்டல் சில நாள் சரியாக வருகிறது, சில நாள் ஆயிரக்கணக்கில் குறைகிறது. பேப்பர் ரோல் போடும் முறை, எழுத்து மங்கலாக விழும் காரணம், ஜி.எஸ்.டி. பிரிக்கும் வழி ஆகியவற்றையும் கேட்டிருக்கிறார்கள்.

டோட்டல் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கோளாறு பெரும்பாலும் டெசிமல் சுவிட்சில்தான். அதில் எஃப், 0, 2, 3 போன்ற நிலைகளோடு ‘ஏ’ (A) அல்லது ‘ஆட்2’ (ADD2) என்று ஒரு நிலை இருக்கும். அந்த நிலையில், கூட்டவும் கழிக்கவும் அடிக்கிற எண்ணில் நீங்கள் புள்ளி வைக்காவிட்டால், கடைசி இரண்டு இலக்கத்தை மெஷின் பைசாவாக எடுத்துக்கொள்ளும். 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய். அதைப் புள்ளி வைத்தே அடிப்பீர்கள், சரியாகச் சேரும். டி.ஏ.பி. உர மூட்டை 1,350. அதை 1350 என்று அடித்து + தட்டினால் 13.50 ஆகத்தான் சேரும். யூரியா மட்டும் விற்ற நாளில் கணக்கு நேராக நிற்கும், டி.ஏ.பி. விற்ற நாளில் மூட்டைக்கு 1,336.50 குறையும். பழைய துண்டுகளை எடுத்துப் பாருங்கள், 13.50 என்ற வரி கண்ணில் படும். சுவிட்சை 2-க்குத் தள்ளினால் தீர்ந்தது.

பெருக்கலையும் வகுத்தலையும் இந்த நிலை தொடாது. அதனால் ‘3 × 1350’ போட்டுச் சோதித்தவருக்கு 4,050 என்று சரியாகவே வரும். மெஷின் மேல் சந்தேகமே வராது. எல்லா எண்ணுக்கும் பைசா உண்டு என்கிற இடத்தில் புள்ளி தட்டும் வேலையை மிச்சப்படுத்தத்தான் இந்த வசதி. முழு ரூபாயும் பைசாவும் கலந்து வருகிற நம் ஊர்க் கடைக்கு அது ஆகாது.

சுவிட்ச் எந்த நிலையில் இருந்தது என்பது பேப்பரில் எங்கும் அச்சாகாது. இந்த மெஷினோடு பழகுகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். அதற்கு மூன்று வரியில் ஒரு வழி உண்டு. மெஷினைத் தயார்செய்த பிறகு சொல்கிறேன்.

மின்சாரம்

கடை மேஜையில் வைக்கும் சின்ன மெஷின்கள் பெரும்பாலும் நான்கு ஏ.ஏ. பேட்டரியிலோ 6 வோல்ட் அடாப்டரிலோ ஓடும். திரைக்கு மிகக் குறைந்த மின்சாரம் போதும். அச்சு மோட்டாருக்கு அப்படியில்லை. விலை மலிவான கார்பன் பேட்டரி போட்டால் திரை பளிச்சென்று இருக்கும், ஆனால் அச்சடிக்கும்போது எண் மங்கும், பாதி வரியில் நிற்கும். ஆல்கலைன் பேட்டரி போடுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். தினமும் ஓடுகிற கடைக்கு அடாப்டர்தான் சரி.

அடாப்டர் எது என்பதில் அலட்சியம் வேண்டாம். வைஃபை ரவுட்டரின் 9 அல்லது 12 வோல்ட் அடாப்டர் பின் இதிலும் நுழைந்துவிடும். நுழைகிறதே என்று போட்டால் மெஷின் போய்விடும். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வோல்ட் அளவும், நடு முனை பிளஸா மைனஸா என்று காட்டும் வட்டப் படமும் இருக்கும். இரண்டும் அடாப்டரில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். மெஷினை ஆஃப் செய்த பிறகே பின்னைச் செருகுங்கள், பிடுங்குங்கள். அடாப்டரில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே கிடந்து கசிந்தால் ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

பேப்பர்

எழுத்து மங்கலாக விழுவதற்கு இங்க் ரோலரைக் குறை சொல்லும் முன் பேப்பரைப் பாருங்கள். இப்போது ஸ்டேஷனரிக் கடையில் ‘பில் ரோல்’ என்று கேட்டால், கார்டு ஸ்வைப் மெஷினுக்கான, சூட்டால் எழுத்து விழும் தெர்மல் ரோலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அகலம் ஒன்றேதான், 57 அல்லது 58 மில்லிமீட்டர். ஆனால் தெர்மல் பேப்பரின் மேல் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது. இங்க் அதில் ஊறாது. வெளிறித் தெரியும், விரல் பட்டால் இழுபடும். இங்க் ரோலர் மெஷினுக்கு வேண்டியது பூச்சில்லாத சாதா பேப்பர் ரோல். கடையிலேயே சோதித்துவிடலாம்: பேப்பரின் மேல் நகத்தால் அழுத்திக் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல், உங்களுக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் கீறிப் பார்ப்பது நல்லது. பில்லிங் பிரிண்டருக்கு வாங்கும் மூன்று அங்குல ரோல் இதில் நுழையாது.

ரோலின் முனையில் பசை ஒட்டியிருக்கும். அந்த முதல் சுற்றை முழுவதும் கிழித்துப் போடுங்கள். பசை உள்ளே போனால் ரப்பர் உருளையில் ஒட்டிக்கொண்டு வம்பு செய்யும். பிறகு முனையைக் கத்தரியால் நேராக வெட்டுங்கள். கையால் கிழித்த முனை ஒரு பக்கம் முந்தி நுழையும், பேப்பர் சாயும், பத்து வரிக்குள் சிக்கும். பின்பக்கத் தாங்கியை நிமிர்த்தி ரோலை மாட்டுங்கள். பெரும்பாலான மாடல்களில் பேப்பர் சுருளின் அடிப்பக்கத்திலிருந்து வெளியேறி, மெஷினின் பின்னால் உள்ள நீளமான வாய்க்குள் போக வேண்டும். மெஷினை ஆன் செய்து, முனையை வாய்க்குள் தட்டுப்படும்வரை தள்ளி, ஃபீட் பொத்தானை அழுத்துங்கள். உருளை பிடித்து இழுத்துக்கொள்ளும். வெட்டுப் பல்லுக்கு மேல் இரண்டு அங்குலம் வந்ததும் போதும்.

பேப்பரை எடுக்கும்போது பின்னோக்கி இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒரு திசைக்கானது. இழுத்தால் பல் போகும், இல்லாவிட்டால் துண்டு கிழிந்து உள்ளே தங்கும். ரோலுக்கும் மெஷினுக்கும் நடுவில் வெட்டிவிட்டு, மிச்சத்தை ஃபீட் கொடுத்து முன்பக்கமாக வெளியே எடுங்கள். ஓரத்தில் சிவப்புக் கோடு வரத் தொடங்கினால் ரோல் முடியப்போகிறது. பெரிய கூட்டலை அந்த நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம். பேப்பர் இல்லாமல் அச்சடிக்கவிட்டால் மை பின்னால் இருக்கும் தாங்கியில் படியும். அடுத்த ரோலின் முதுகெல்லாம் கறையாகும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்து கிடக்கும் ரோல் ஈரம் உறிஞ்சி ஓரம் உப்பும். அது தாங்கியில் உரசும், சாய்ந்து நுழையும். வாங்கிவைத்த ரோல்களை மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போட்டுவையுங்கள். யூரியா மூட்டைக்குப் பக்கத்து அலமாரி இதற்கு ஆகவே ஆகாது.

இங்க் ரோலர்

கேசியோ ஹெச்.ஆர்-100ஆர்.சி, ஹெச்.ஆர்-8ஆர்.சி போன்றவற்றுக்கு ஐ.ஆர்-40டி என்ற ரோலர். கேனானின் பல சின்ன மாடல்களுக்கு சி.பி-13. கடைக்குப் போகும்போது கால்குலேட்டரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், அல்லது பழைய ரோலரையே எடுத்துப் போங்கள். ஒரே வண்ண ரோலர் தோற்றத்தில் அதே மாதிரி இருக்கும். அதைப் போட்டுவிட்டால் கழித்தல் வரிகள் சிவப்பில் வராது.

மாற்றுவது எளிது. மெஷினை ஆஃப் செய்யுங்கள். அச்சுப் பகுதியின் மூடியைத் தள்ளித் திறந்தால் சின்னக் கைப்பிடியோடு ரோலர் தெரியும். நேராக மேலே தூக்குங்கள். புதியதை அதே திசையில் வைத்து, ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ஒரு பக்கம் உட்காராமல் இருந்தால் வரியின் இடது அல்லது வலது ஓரம் மட்டும் வெளிறி விழும். அப்படி விழுந்தால் மை தீரவில்லை, ரோலர் சாய்ந்திருக்கிறது.

தீர்ந்த ரோலரில் ஸ்டாம்ப் பேட் மை ஊற்றும் பழக்கம் பல கடைகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இந்த ரோலரின் மை எண்ணெய்ப் பசை உள்ளது, சீக்கிரம் உலராது. ஸ்டாம்ப் மை பெரும்பாலும் தண்ணீர் கலந்தது. எழுத்துச் சக்கரத்தின் பள்ளங்களில் உலர்ந்து இறுகும். 8-க்கும் 6-க்கும் வித்தியாசம் தெரியாத அச்சு வரும். கணக்குத் துண்டில் அதைவிடக் கெடுதல் வேறில்லை. புது ரோலரின் விலை, சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்யும் கூலியைவிடக் குறைவு. கையில் மை பட்டால் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள்.

சுவிட்சுகளும் மூன்று சோதனை வரிகளும்

டெசிமல் சுவிட்சில் எஃப் என்றால் விடை எத்தனை இலக்கம் வருகிறதோ அத்தனையும் வரும். 2 என்றால் விடை இரண்டு இலக்கத்தில் நிற்கும். ரூபாய்க் கணக்குக்கு 2 வையுங்கள். எடைக் கணக்குக்கு அது போதாது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு மாதிரி எடைபோட்டு விற்கும் பித்தளைச் சாமானில் 2.345 கிலோவும் 1.872 கிலோவும் சேர்ந்தால் 4.217. சுவிட்ச் 2-ல் இருந்தால் 4.22 என்று வரும். கிராம் முக்கியமான இடத்தில் எஃப் அல்லது 3.

அதற்குப் பக்கத்தில் அப், 5/4, கட் என்று மூன்று நிலை உள்ள இன்னொரு சுவிட்ச் இருக்கும். சில மெஷினில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். மிச்ச இலக்கத்தை மேலே ஏற்றுவதா, ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் மட்டும் ஏற்றுவதா, அப்படியே வெட்டிவிடுவதா என்பதை இது தீர்மானிக்கும். கடைக் கணக்குக்கு 5/4. துடைக்கும் துணி பட்டாலே நகர்ந்துவிடும் சுவிட்ச் இது. நகர்ந்தது தெரியாமல் ஒரு வாரம் கணக்குப் போனால், ஒவ்வொரு பில்லிலும் ஒரு பைசா இடித்துக்கொண்டே இருக்கும்.

காலையில் மெஷினை ஆன் செய்து பிரிண்ட் நிலையில் வைத்ததும் இந்த மூன்றையும் அடியுங்கள்:

2 ÷ 3 =
1 ÷ 3 =
ஏ.சி. (எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான்) தட்டிவிட்டு 100 +

முதல் இரண்டு விடைகள் 0.67, 0.33 என்று வந்தால் டெசிமல் 2, ரவுண்டிங் 5/4, சரி. 0.67, 0.34 என்றால் அப். 0.66, 0.33 என்றால் கட். வரி முழுக்க ஆறும் மூன்றுமாக நீண்டால் எஃப். மூன்றாவது வரியில் 1.00 என்று அச்சானால் ஆட்2-ல் மாட்டியிருக்கிறீர்கள். அச்சாகாத சுவிட்ச் நிலைகளை இந்த வரிகள் பேப்பரிலேயே சாட்சியாக வைத்துவிடும். ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் அந்தத் துண்டைப் பிரித்தாலும், எந்த நிலையில் கூட்டியது என்பது உச்சியிலேயே தெரியும். பிறகு ஏ.சி. தட்டி, ஜி.டி.யையும் (கிராண்ட் டோட்டல்) மெமரியையும் காலிசெய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஜி.டி. சுவிட்ச் என்பது நீங்கள் போடும் ஒவ்வொரு டோட்டலையும் தனியாக ஒரு பெரிய மொத்தத்தில் சேர்த்துக்கொண்டே போவது. வேண்டாதபோது அணைத்துவையுங்கள். நேற்றைய ஜி.டி.யைக் காலிசெய்யாமல் இன்றைக்குத் தொடர்ந்துவிடுவதும் நடக்கிறது.

எந்த முறை மெஷின்?

பிரிண்டிங் கால்குலேட்டரில் இரண்டு ஜாதி உண்டு. 8 + 5 − என்று தட்டிப் பாருங்கள். திரையில் 13 வந்தால் அது சாதாரண கால்குலேட்டர் மாதிரிதான். குறியை முதலில் தட்டி எண்ணைப் பிறகு போடுவது. 3 வந்தால் அது கூட்டல் மெஷின் முறை: எண்ணை அடித்து, அது வரவா கழிவா என்பதைப் பின்னால் சொல்வது. 8-க்குப் பிறகு +, 5-க்குப் பிறகு −. வாயால் ‘எட்டு வரவு, அஞ்சு கழிவு’ என்று சொல்லும் வரிசையேதான்; பழகிவிட்டால் பில் கட்டைப் புரட்டிக்கொண்டே அடிக்க இதைவிட வேகம் வேறு இல்லை.

பழகும்வரை ஒரு ஆபத்து உண்டு. கடைசி எண்ணை அடித்துவிட்டு + தட்டாமல் நேரே * (டோட்டல்) தட்டினால் அந்தக் கடைசி எண் கணக்கில் சேராது. கடைசி பில் மட்டும் விடுபட்ட டோட்டல் அப்படித்தான் வருகிறது. ◇ என்பது நடுவில் எவ்வளவு ஆச்சு என்று பார்ப்பது, கணக்கு தொடரும். * என்பது முடிப்பது, அதோடு உள்ளே காலியாகிவிடும்.

தப்பாக அடித்த எண் இன்னும் + ஆகாமல் திரையில் இருந்தால், அந்த எண்ணை மட்டும் அழிக்கும் சி.ஈ. பொத்தானை ஒருமுறை தட்டுங்கள். கவனம்: பல மெஷினில் அதே பொத்தானை இரண்டாம் முறை தட்டினால் மொத்தக் கணக்கும் போய்விடும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட எண்ணென்றால் அதே எண்ணை மறுபடி அடித்து − தட்டுங்கள், பிறகு சரியானதை அடியுங்கள். சிவப்பில் ஒரு வரி விழும், இருக்கட்டும். தப்பும் திருத்தமும் இரண்டுமே தெரிகிற துண்டுதான் பின்னால் உதவும்.

பில் கட்டைக் கூட்டும் முறை

ஏ.சி. தட்டித் தொடங்குங்கள், துண்டின் தலையில் காலி செய்த அடையாளம் விழும். பிறகு தேதி. 15-10-2025 என்றால் 151025 அடித்து # பொத்தான். # தட்டிய எண் அச்சாகும், கணக்கில் சேராது. பில் புத்தக எண்ணையும் இப்படியே போடலாம். # தட்ட மறந்து + தட்டிவிட்டால் தேதி ஒன்றரை லட்சமாகக் கூட்டலில் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ.சி. என்று குறித்த நிலை இருந்தால் அதில் வையுங்கள். டோட்டலோடு எத்தனை எண் சேர்த்தீர்கள் என்ற எண்ணிக்கையும் அச்சாகும். பில் கட்டில் 46 இருந்து துண்டில் 045 என்று வந்தால், தொகையைப் பார்க்கும் முன்பே ஒன்று விட்டுப்போனது தெரிந்துவிடும். கழித்த வரியை எண்ணிக்கையில் கூட்டுமா குறைக்குமா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். 1 + 1 + 1 − * போட்டுப் பாருங்கள். 001 என்றால் குறைக்கிறது, 003 என்றால் கூட்டுகிறது.

ஒரே விலையில் பல வரி வந்தால், ஓர் எண்ணைப் பூட்டிவைத்துக்கொள்ளும் மாறிலி வசதியைப் பயன்படுத்துங்கள். நெல் வியாபாரத்திலிருந்து ஓர் உதாரணம்: கொள்முதல் நிலையத்தில் 2025-26க்குச் சன்ன ரகம் ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,545 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 1,018. மூன்று பேர் 36, 42, 25 மூட்டை போட்டிருக்கிறார்கள். ஜி.டி.யை ஆன் செய்து, 1018 × 36 = பிறகு 42 = பிறகு 25 = என்று மட்டும் தட்டினால் போதும். சில மெஷினில், கேசியோ பலவற்றில், × இரண்டு முறை தட்டி 1018-ஐப் பூட்ட வேண்டும். 36,648, 42,756, 25,450 என்று விழும். ஜி.டி. தட்டினால் 104,854.

அந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். பெரும்பாலான பிரிண்டிங் மெஷின்கள் மூன்று மூன்று இலக்கமாகத்தான் கமா போடும். இது ஒரு லட்சத்து நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பத்து நான்கு. 1,250,000 என்று அச்சானால் அது பன்னிரண்டரை லட்சம். பேரேட்டில் எழுதும்போது கமாவை அப்படியே பார்த்து எழுதாமல் வலமிருந்து எண்ணி எழுதுங்கள்.

ஜி.எஸ்.டி., லாபம்

உரத்துக்கு 5 சதவீதம், ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 சதவீதம். மெஷினில் டாக்ஸ் பொத்தான் ஒரே விகிதத்தைத்தான் நினைவில் வைக்கும் என்றால், அதிகம் புழங்கும் விகிதத்தை அதில் போட்டுவிட்டு மற்றதைக் கையால் வகுப்பது நல்லது. விகிதத்தை மாற்றி மாற்றிப் போட்டால் எந்தப் பில்லில் எது இருந்தது என்று பிறகு தெரியாது. விகிதம் போட, மாடலைப் பொறுத்து ரேட் செட் என்ற சுவிட்சைத் தள்ளியோ பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தோ எண்ணைக் கொடுக்க வேண்டும். போட்டதும் 1000 அடித்து டாக்ஸ்+ தட்டுங்கள். 180-ம் 1,180-ம் வந்தால் 18 ஏறியிருக்கிறது.

வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிப்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 1,180-ல் 18 சதவீதம் என்று % தட்டினால் 212.40 வரும். அது தப்பு. 1180 ÷ 1.18 = 1,000; வரி 180. டாக்ஸ்− பொத்தான் இதைத்தான் செய்கிறது. 5 சதவீதத்துக்கு ÷ 1.05. மத்திய, மாநில வரியாகப் பிரிக்கும்போது ஒரு பைசா இடிக்கலாம்: 17.50-க்கு 9 சதவீதம் 1.575, அது 1.58 ஆகும், இரண்டு சேர்ந்து 3.16. ஒரே தடவையாக 18 சதவீதம் போட்டால் 3.15. மெஷின் மேல் தப்பில்லை. பில்லில் எந்த முறையோ துண்டிலும் அதே முறையில் போடுங்கள்.

லாபம் சேர்த்து விலை போடும் எம்.யூ. (மார்க்-அப்) அல்லது காஸ்ட்-செல்-மார்ஜின் பொத்தான் இருந்தால் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். 100-க்கு 20 கொடுத்து 125 வந்தால் அது விற்பனை விலையில் இருபது சதவீதம் லாபம் என்று கணக்கிடுகிறது; 120 வந்தால் வாங்கிய விலையின் மேல். 480 ரூபாய் மருந்துக்கு 25 சதவீதம் என்றால் ஒன்றில் 640, மற்றதில் 600. நாற்பது ரூபாய் வித்தியாசம் வாடிக்கையாளருக்கு உடனே தெரியும்.

துண்டும் பேரேடும் இடித்தால்

வரிவரியாக டிக் அடிக்கும் முன் வித்தியாசத் தொகையையே கொஞ்சம் விசாரியுங்கள். பாதி நேரம் அதுவே காட்டிக்கொடுக்கும்.

வித்தியாசத்தை 9 மீதியில்லாமல் வகுத்தால் இலக்கம் இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு சுழி விட்டுப்போயிருக்கும். 1,350-ஐ 1,530 என்று அடித்தால் வித்தியாசம் 180. 1,350-க்குப் பதில் 135 அடித்தால் வித்தியாசம் 1,215. அதை 9-ஆல் வகுத்தால் 135 வந்து நிற்கும். துண்டில் 135-ஐத் தேடினால் போதும். ஆட்2-ல் மாட்டிய எண் ஒன்றே ஒன்று என்றால் வித்தியாசத்தை 99-ஆல் வகுங்கள்: 1,336.50 ÷ 99 = 13.50. வித்தியாசத்தில் சரிபாதி ஒரு பில் தொகையாக இருந்தால் அதைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருப்பீர்கள், அல்லது மாற்றிச் செய்திருப்பீர்கள். சிவப்பு வரிகளை மட்டும் பாருங்கள். வித்தியாசமே ஒரு பில் தொகையாக இருந்தால் அது விட்டுப்போனது, அல்லது இரண்டு முறை விழுந்தது. எண்ணிக்கை எது என்று சொல்லிவிடும்.

ஒன்றும் சிக்கவில்லையென்றால் கட்டைக் கவிழ்த்துக் கடைசி பில்லிலிருந்து மறுபடி கூட்டுங்கள். அதே வரிசையில் கூட்டினால் கண் அதே இடத்தில் அதே தப்பைச் செய்யும்.

அச்சுக் கோளாறுகள்

மேலிருந்து கீழாக ஒரே ஒரு வரிசை முழுக்க எண் விழாமல் போனால் எழுத்துச் சக்கரத்தில் பேப்பர்த் தூசு. ரோலரைக் கழற்றிவிட்டு மெல்லிய உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். அரைவை மில் கல்லாவில் வைத்திருக்கும் மெஷினில் தவிட்டுத் தூசு மையோடு கலந்து பசையாகிவிடும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுவது ஒன்றே வழி. உரக்கடையில் வேறு தொல்லை. யூரியாவும் பொட்டாஷும் ஈரத்தை இழுப்பவை, அந்தத் தூசு உலோகத்தை அரிக்கும். மூட்டை பிரித்து எடைபோடும் இடத்திலிருந்து மெஷின் தள்ளி இருக்கட்டும்.

பேப்பர் நகராமல் ஒரே இடத்தில் வரி மேல் வரி விழுந்தால் ரப்பர் உருளை வழுக்குகிறது. லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து உலர விடுங்கள். பெட்ரோல், தின்னர் பட்டால் ரப்பர் வெடிக்கும்.

சிக்கிக்கொண்டு ‘கிர்ர்’ என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப். மோட்டார் நின்ற நிலையில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தால் சூடேறி எரியும். துண்டை எடுக்கக் குண்டூசி, கத்தி வேண்டாம். மழுங்கிய முனை இடுக்கி போதும். திரையில் ஈ என்று நின்றால் விடை 12 இலக்கத்தைத் தாண்டியிருக்கும், அல்லது பூஜ்யத்தால் வகுத்திருப்பீர்கள்; ஏ.சி. தட்டினால் சரியாகும். எதற்கும் மசியாவிட்டால் அடியிலோ பின்னாலோ உள்ள ரீசெட் துளையை அழுத்தலாம். பல்குச்சி உள்ளேயே ஒடியும், பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அழுத்துங்கள். ரீசெட் செய்தால் வரி விகிதமும் கடிகாரமும் போய்விடும். விகிதத்தை மறுபடி ஏற்றி, 1000-ஐ வைத்துச் சோதித்துவிட்டுத்தான் பில் போடவேண்டும்.

துண்டுகளை வைப்பது

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை, கணக்குகளை அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இங்க் ரோலர் அச்சு சாதா பேப்பரில் அத்தனை காலமும் நிற்கும். தெர்மல் மெஷின் சத்தமில்லாதது, மைச் செலவில்லாதது. ஆனால் நம் சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக் கடையில் அந்த எழுத்து வெளுத்துவிடும், பிளாஸ்டிக் கவரில் போட்டால் இன்னும் சீக்கிரம். தெர்மல்தான் இருக்கிறதென்றால் முக்கியத் துண்டுகளை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். நீங்கள் வாங்கியிருப்பது இரண்டு வண்ண மெஷின், இங்க் ரோலர்தான். அன்றன்றைய துண்டை அந்தந்த நாள் பில் கட்டின் மேல் சுற்றி நூலால் கட்டுங்கள். ஸ்டேப்ளர் பின் மழைக்காலத்தில் துருப்பிடித்து அந்த இடத்து எண்ணை அரித்துவிடும்.